போலீஸ் மேல புகாரா? போலீஸ்கிட்டயே கொடுங்க!

தாம்பரம் தாண்டி ஃப்ளாட் வாங்கிக் குடிவந்தவங்க நிறைய பேர் இந்தப் பக்கத்தைப் படிக்கிறீங்க. 2022 ஜனவரி 1-ல் தாம்பரம் போலீஸ் கமிஷனரேட் ஆரம்பிச்சப்போ உங்களுக்கு நிம்மதி. நியாயம்தான். ரோந்து வண்டி வேணும், கேமரா வேணும். காஞ்சிபுரம் மாவட்ட போலீஸிடம் இருந்த மணிமங்கலம், சோமங்கலம் ஸ்டேஷன்களும் கமிஷனர் கைக்கு வந்தன. ஏரியும் வயலும் மாடும் அப்படியே இருக்க, நாங்களும் ஒரே நாளில் சிட்டி ஆயிட்டோம்.

அதோட இன்னொன்னும் நடந்தது. மாவட்டத்தில் ஒருத்தரை குண்டர் சட்டத்தில் அடைக்கணும்னா போலீஸ் கேட்கும், கலெக்டர் கையெழுத்துப் போடணும். வேற துறை ஆள் ஒருத்தராவது ஃபைலைப் படிப்பார். கமிஷனரேட்டில் கேட்கிறதும் போலீஸ், கையெழுத்தும் போலீஸ். வழக்கு விசாரணை இல்லாமல் ஓராண்டு வரை உள்ளே வைக்கிற அதிகாரம் இது. அறிவுரைக் கழகம் இருக்கு, ஐகோர்ட் இருக்குன்னு சொல்வாங்க. அங்கே போய் ஜெயிக்கிறவனும் அதுவரைக்கும் உள்ளேதான் கிடக்கணும். நன்னடத்தைப் பத்திரம் எழுதி வாங்கும் நிர்வாக நடுவர் அதிகாரத்தையும் போலீஸ் துணை கமிஷனர்களுக்கே கொடுத்து வச்சிருந்தாங்க. அந்த அரசாணைகள் அரசியல் சட்டத்துக்கு முரண் என்று 2023 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது.

அதிகாரம் கூடினா, அதைக் கேள்வி கேட்கிற இடமும் கூடணும். இங்கே கூடலை. அதுதான் என் கோபம்.

உச்ச நீதிமன்றம் இதுக்கு 2006 செப்டம்பர் 22-லேயே வழி சொல்லிடுச்சு. வழக்கு போட்டவர் போராட்டக்காரர் இல்லை. உத்தரப் பிரதேச டி.ஜி.பி.யாகவும் எல்லைப் பாதுகாப்புப் படைத் தலைவராகவும் இருந்த பிரகாஷ் சிங். ஏழு உத்தரவுகளில் ஒண்ணு போலீஸ் புகார் ஆணையம். மாநில அளவில் ஓய்வுபெற்ற நீதிபதி தலைவர். மாவட்ட அளவில் ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி தலைவர். காவலில் மரணம், கொடுங்காயம், பாலியல் வன்முறை மட்டுமில்லை; மாவட்ட ஆணையம் மிரட்டிப் பணம் பறித்தல், நிலம் வீடு அபகரிப்பு போன்ற புகார்களையும் விசாரிக்கலாம். அதன் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும். நிலம் சென்ட் கணக்கில் தங்கமாகிப்போன இந்தப் பக்கத்துக்கு இதைவிடத் தேவையான ஆபீஸ் வேற எது?

தமிழ்நாடு என்ன செஞ்சுது? 2013-ல் போலீஸ் சீர்திருத்தச் சட்டம் கொண்டுவந்தது. அதன்படி மாநில ஆணையத்துக்குத் தலைவர் உள்துறைச் செயலாளர், உறுப்பினர் டி.ஜி.பி. மாவட்டத்தில் தலைவர் கலெக்டர், உறுப்பினர் எஸ்.பி. அதாவது, எஸ்.பி.க்குக் கீழே வேலை பார்க்கிற இன்ஸ்பெக்டர் மேல புகார் வந்தா, விசாரிக்கிற மேசையில் அந்த எஸ்.பி.யே உட்கார்ந்திருப்பார். பெயர் ஆணையம், உள்ளே அதே வீட்டு ஆட்கள். சட்டம் அ.தி.மு.க. ஆட்சியில் வந்தது. 2021-ல் ஆட்சிக்கு வந்த தி.மு.க.வும் மாத்தலை. இதில் மட்டும் ரெண்டு பேருக்கும் சண்டையே இல்லை.

ஏரிப் பாசனம் பார்த்தவங்களுக்கு இது உடனே புரியும். மடை திறந்து தண்ணி பங்கிடுற வேலையை நீர்க்கட்டிகிட்ட விடுவாங்க. பெரும்பாலும் அந்த ஆயக்கட்டில் அவருக்கு நிலம் இருக்காது. நிலம் இல்லாமல் போனதுக்குப் பின்னாடி சாதி இருந்தது. அதில் பெருமைப்பட எதுவும் இல்லை. ஆனா தண்ணி பங்கிடுறவன் தண்ணிக்குப் போட்டி போடுறவனா இருக்கக் கூடாதுங்கிற கணக்கு சரியான கணக்கு. ஏரிக்குத் தெரிஞ்சது கோட்டைக்குத் தெரியாதா?

கேரளாவுக்குத் தெரிஞ்சிருக்கு. அங்கே 2011 போலீஸ் சட்டப்படி மாநில ஆணையத் தலைவர் ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி. இங்கிலாந்தில் போலீஸ் மீதான புகார்களைப் பார்க்கும் அமைப்பின் தலைவராக, போலீஸில் எப்போதாவது வேலை செஞ்ச யாரும் வர முடியாதுன்னு சட்டமே இருக்கு.

நம்ம ஊரில் தப்பு வெளியே வந்தா என்ன நடக்குது? "ஆயுதப்படைக்கு மாற்றம்". இடமாற்றம் எப்படிங்க தண்டனையாகும்? சாத்தான்குளத்தில் 2020 ஜூனில் ஜெயராஜ், பென்னிக்ஸ் இறந்தப்போ, விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட்டையே ஸ்டேஷனில் மரியாதை இல்லாமல் நடத்தினாங்க. கேமரா பதிவு தினமும் தானாக அழியும்படி வச்சிருந்ததும் அப்போதான் தெரிஞ்சுது. ஸ்டேஷனை வருவாய்த்துறை கட்டுப்பாட்டில் எடுக்க உயர் நீதிமன்றம் சொல்ல வேண்டியதாச்சு. அஞ்சு வருஷம் கழிச்சு, 2025 ஜூனில் திருப்புவனம். நகை காணோம்னு ஒரு புகார். மடப்புரம் கோயில் காவலாளி அஜித்குமார் செத்துப்போனார். உடற்கூறு ஆய்வில் 44 காயங்கள். ஒரு வீடியோவும் நீதிமன்றமும் இல்லைன்னா அதுவும் அமுங்கியிருக்கும்.

இவ்வளவு பெரிய விஷயத்துக்கே இந்த கதின்னா சின்ன விஷயத்துக்கு? எங்க கிணத்து மோட்டார் கேபிளை அறுத்துட்டுப் போனப்போ ஒரு ஸ்டேஷனில் புகார் கொடுத்தேன். கையில் கிடைச்சது சி.எஸ்.ஆர். ரசீது மட்டும். திருட்டு மாதிரி கைது செய்யத்தக்க குற்றம்னு புகாரிலேயே தெரிஞ்சா எஃப்.ஐ.ஆர். போட்டே ஆகணும்னு 2013-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கு. போடலைன்னா யார்கிட்ட போறது? அவங்க மேலதிகாரிகிட்ட. அங்கே இருந்து மனு திரும்ப அதே ஸ்டேஷனுக்கே வரும். செக்கு மாடு மாதிரி சுத்த வேண்டியதுதான்.

"இப்படிக் கேள்வி கேட்டா போலீஸுக்கு மனசு விட்டுப்போகும்" என்கிறாங்க. சாத்தான்குளத்தில் பார்த்ததை மாஜிஸ்திரேட்டிடம் சொன்னது தலைமைக் காவலர் ரேவதி. அவரும் போலீஸ்தான். அவருக்கு யாரைப் பார்த்து பயம்? வெளியே நின்ன திருடனைப் பார்த்தா? அப்படிப்பட்டவங்க முதுகைக் காப்பாத்தவும்தான் வெளி ஆணையம் கேட்கிறோம்.

கேட்கிறது நாலே விஷயம். 2013 சட்டத்தைத் திருத்தி, உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி தர்ற பட்டியலில் இருந்து ஓய்வுபெற்ற நீதிபதியைத் தலைவரா போடுங்க. பணியில் இருக்கிற போலீஸ் யாரும் அதில் உட்காரக் கூடாது. பரிந்துரையை அரசு நிறைவேத்தியே ஆகணும்னு சட்டத்தில் எழுதுங்க. தாம்பரத்தில் பஸ் போகிற இடத்தில் ஒரு ஆபீஸ் திறங்க.

கமிஷனரேட் வேணும்னு கேட்டப்போ உங்க குரலுக்கு மதிப்பு இருந்தது. உங்க ஃப்ளாட் சங்கக் கூட்டத்துக்கு எம்.எல்.ஏ. வருவார், எங்க வரப்புக்கு வரமாட்டார். அடுத்த தடவை அவர் வரும்போது கேமராவோட சேர்த்து இதையும் கேளுங்க.