நாய் வாங்கும் முன் நாலு நாள்

எருமப்பட்டியில் ஒரு குடும்பம் பழனிக்கோ திருப்பதிக்கோ கிளம்பினால், பக்கத்து வீட்டில் இரண்டை ஒப்படைத்துவிட்டுப் போகும். ஒன்று சாவி, இன்னொன்று நாய். "ரெண்டு வேளை சோறு மட்டும் வெச்சிருங்க" என்பதோடு சரி. பெரிய நகரங்களில் இதற்குத் தனி ஆள், தினக் கட்டணம் எல்லாம் வந்தாச்சு. இங்கே காசு கேட்டால்தான் சண்டை!

நாய் வாங்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் இந்த ஓசி வேலையைச் செய்து பார்க்க வேண்டும்.

ஏன் என்றால், நம்ம ஆட்கள் நாயைத் தேர்ந்தெடுப்பது படத்தைப் பார்த்துத்தான். 2003-ல் வந்த ஹட்ச் விளம்பரத்தில் ஒரு பையன் போகும் இடமெல்லாம் ஒரு பக் நாய் பின்னாலேயே போனது. உடனே பக் குட்டிக்குக் கிராக்கி! அந்தச் சப்பை மூக்கை வைத்துக்கொண்டு வெயிலில் அது மூச்சுக்குத் திணறும் என்று விளம்பரம் சொல்லவில்லை. சித்திரை மாதம், மதியம் இரண்டு மணிக்கு ஒரு பக் பக்கத்தில் உட்கார்ந்து அந்தச் சத்தத்தைக் கேட்டவர் அதை வாங்க யோசிப்பார்.

அப்போ நாட்டு நாய்? 2005-ல் ராஜபாளையம் நாய்க்குத் தபால்தலையே வந்தது. 2020 ஆகஸ்டில் பிரதமர் தன் வானொலிப் பேச்சில் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை என்று பெயர் சொல்லிப் பாராட்டினார். "நம்ம ஊர் நாய், நமக்கு ஒத்துப்போகும்" என்பார்கள். வெயிலுக்கு ஒத்துப்போகும், சரி. வீட்டுக்கு? சிப்பிப்பாறை முயல் வேட்டைக்கு வளர்ந்த இனம். கண்ணெதிரே எது ஓடினாலும் துரத்தும். நாட்டுக்கோழி மேயாத வாசல் எருமப்பட்டியில் எத்தனை இருக்கிறது? அடுத்த வீட்டுச் சேவலுக்கு ஒரு தடவை தண்டம் கட்டினால் புரிந்துவிடும் :-) சரி, கட்டியே போடலாம் என்றால், ஓடப் பிறந்த நாயை நாள் முழுக்கக் கட்டிப்போடுவதைவிடக் கொடுமை இல்லை. ராஜபாளையம் வேற மாதிரி. புது ஆளைச் சேர்க்காது. நாளைக்குப் பத்துப் பேர் வந்துபோகிற வீட்டுக்கு அது சரிப்படாது.

வணிகவியல் பாடத்தில் மூலதனச் செலவு, வருவாயினச் செலவு என்று பிரிப்பார்கள். குட்டியின் விலை மூலதனச் செலவு, ஒரு தடவையோடு முடிந்தது. சோறு, தடுப்பூசி, விடியற்காலை நடை எல்லாம் பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு. நாமக்கல்லில் 1985 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. வாங்கும் முன்பே அங்கே போய் யோசனை கேட்டவர்கள் எத்தனை பேரோ!

நாலு நாளில் நாயின் குணம் முழுசாகத் தெரியாது என்பதும் நிஜம்தான். எசமான் இல்லாத ஏக்கத்தில் சில நாய் சோற்றைத் தொடாமல் சுருண்டு கிடக்கும். ஒரே இனத்திலும் ஒன்று மாதிரி இன்னொன்று இருக்காது. ஆனால் வீட்டுக்காரர்களின் குணம் தெரிந்துவிடும். "நாய் வேணும், நாய் வேணும்" என்று அடம்பிடித்த பையன் காலை ஐந்து மணிக்கு எழுந்திருக்கிறானா, வாசலில் கிடப்பதை யார் அள்ளுகிறார்கள் என்று பாருங்கள். பெரும்பாலும் அம்மாதான்! அப்படியானால் எந்த இனம் என்று அம்மாவைத்தானே கேட்க வேண்டும்?