விடை தெரியாத கேள்வி: இளநிலை மாணவருக்கு ஆய்வு எதற்கு?

சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி போகும் புறநகர் ரயில் மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை வழியாகச் செல்கிறது. பொன்னேரியில் உலகநாத நாராயணசாமி அரசு கலைக் கல்லூரி இருக்கிறது. கவரைப்பேட்டைப் பக்கம் பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. கும்மிடிப்பூண்டியில் சிப்காட் தொழில் வளாகம். இந்த வழியில் படிக்கும் மாணவர்களில் பலர் கடைசி ஆண்டில் ஒரு ‘புராஜெக்ட்’ செய்கிறார்கள். அது மதிப்பெண்ணுக்கான சடங்கு என்றுதான் பலர் நினைக்கிறார்கள். முறையாகச் செய்தால் அதே வேலை மேற்படிப்புக்கும் வேலைவாய்ப்புக்கும் பயன்படும். எப்படி என்று பார்ப்போம்.

முதலில் ஒரு வேறுபாடு. வகுப்பின் செய்முறைப் பயிற்சியில் விடை முன்பே தெரியும். ஆசிரியர் கொடுத்த கரைசலின் செறிவு என்ன என்பது ஆசிரியருக்குத் தெரியும். மாணவரின் விடை அதற்குப் பக்கத்தில் வந்தால் மதிப்பெண். ஆய்வில் விடை யாருக்கும் தெரியாது, வழிகாட்டும் ஆசிரியருக்கும் தெரியாது. ஆகவே, ‘என் விடை சரிதான்’ என்பதற்கான ஆதாரத்தையும் மாணவரே உருவாக்க வேண்டும். இளநிலைப் பட்டப் படிப்பிலேயே இப்படி ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு உழைப்பதை ‘இளநிலை ஆய்வு’ என்று இந்தக் கட்டுரையில் குறிப்பிடுகிறோம்.

இந்த வட்டாரத்துக் கேள்வி ஒன்றையே எடுத்துக்கொள்வோம். ஆரணியாறு, கொசஸ்தலையாறு படுகையில் சென்னைக் குடிநீருக்காகப் பல ஆண்டுகள் நிலத்தடி நீர் எடுக்கப்பட்டது. பாசனத்துக்கும் அதே நீர்தான். கடலோரத்தில் நன்னீரின் மட்டம் தாழ்ந்தால், அதன் அழுத்தம் குறையும். அப்போது கடல்நீர் நிலத்துக்கு அடியில் உள்ளே நகரும். இதைக் ‘கடல்நீர் ஊடுருவல்’ என்பார்கள். மீஞ்சூர்ப் பகுதியில் இது நெடுங்காலமாக ஆராயப்பட்டுவரும் சிக்கல்.

பி.எஸ்சி. வேதியியல் படிக்கும் மாணவி ஒருவர் தன் ஊர்க் கிணறுகளை ஆராய விரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். ‘எங்கள் ஊர்த் தண்ணீர் ஏன் உப்புக் கரிக்கிறது?’ என்பது நல்ல கவலை. ஆனால் ஆய்வுக்கு அது மிகப் பெரிய கேள்வி. ‘கடற்கரையிலிருந்து தூரம் கூடக்கூட, கிணற்று நீரில் குளோரைடு குறைகிறதா?’ என்று கேட்டால் அளந்து பார்க்கலாம். பெரிய கவலையை அளக்கக்கூடிய சிறிய கேள்வியாகச் சுருக்குவதுதான் முதல் பயிற்சி.

அடுத்தது வாசிப்பு. இதே பகுதியில் முன்பு யார் அளந்தார்கள், எந்த மாதத்தில், எந்த ஆழத்துக் கிணறுகளில் என்று தேட வேண்டும். மழைக்குப் பிறகு எடுத்த நீரையும் கோடையில் எடுத்த நீரையும் நேராக ஒப்பிடக் கூடாது என்பது இந்த வாசிப்பில்தான் புரியும்.

பிறகு அளவீடு. குளோரைடை அளக்க இளநிலை ஆய்வகத்திலேயே வசதி உண்டு. நீரில் பொட்டாசியம் குரோமேட் சில துளிகள் விட்டு, பியூரெட்டிலிருந்து வெள்ளி நைட்ரேட் கரைசலைச் சேர்க்க வேண்டும். குளோரைடு முழுவதும் வெண்ணிற வீழ்படிவாக மாறிய பிறகு செங்கல் நிறம் தலைகாட்டும். அதுவே முடிவுநிலை. அதுவரை செலவான கரைசலின் அளவிலிருந்து குளோரைடைக் கணக்கிடலாம். இந்த முறைக்குத் தரம்பார்த்தல் என்று பெயர்.

இதுவரை பாடப்புத்தகம். இனிமேல்தான் ஆய்வு. ஒரே நீரை மூன்று முறை அளந்தால் மூன்றும் ஒத்துவருகின்றனவா? வாலை வடிநீரை அளந்தால் சுழியத்துக்கு அருகில் வருகிறதா? இந்த இரண்டாவது சோதனையை ‘பிளாங்க்’ என்பார்கள். பிளாங்க் சரியாக இல்லாவிட்டால் மற்ற எண்களை நம்ப முடியாது. குடிநீரில் குளோரைடு லிட்டருக்கு 250 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்கிறது இந்தியத் தர நிர்ணயம். அளந்த எண் 260 என்றால், அந்தப் பத்து உண்மையான மிகுதியா, அளவீட்டுப் பிழையா? மூன்று முறை அளந்தவரால்தான் இதற்குப் பதில் சொல்ல முடியும்.

கடைசியில் பொருள்கொள்ளுதல். கடலுக்கு அருகில் குளோரைடு கூடுதல் என்று தெரிந்தாலும், காரணம் கடல்நீர்தான் என்று உடனே சொல்லிவிட முடியாது. பக்கத்தில் இறால் பண்ணை இருக்கலாம். கழிவுநீர் கசியலாம். கிணறு ஆழமாக இருக்கலாம். குளோரைடு எவ்வளவு என்று தரம்பார்த்தல் சொல்லும், எங்கிருந்து வந்தது என்று சொல்லாது. தன் தரவு எதைக் காட்டுகிறது, எதைக் காட்டவில்லை என்று பிரித்து எழுதக் கற்றவர் ஆய்வின் மையத்தைத் தொட்டுவிட்டார்.

இது மேற்படிப்புக்கு எப்படி உதவுகிறது? நேர்முகத் தேர்வு வைக்கும் ஆய்வு நிறுவனங்களில், செய்த புராஜெக்ட்டைப் பற்றிய கேள்வி வழக்கமானது. ‘ஏன் இந்த முறை? பிழை எவ்வளவு? மறுபடி செய்தால் எதை மாற்றுவீர்கள்?’ என்று கேட்பார்கள். மனப்பாடம் இங்கே உதவாது. பரிந்துரைக் கடிதமும் அப்படியே. வகுப்பில் மட்டும் பார்த்த மாணவரைப் பற்றி ஆசிரியர் மதிப்பெண்ணைத்தான் எழுத முடியும். தவறிய சோதனையைத் திரும்பச் செய்த மாணவரைப் பற்றி எழுத அவரிடம் செய்தி இருக்கும்.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022-ஆம் ஆண்டு விதிகள் இதற்கு இன்னும் எடை கொடுத்தன. நான்காண்டு இளநிலைப் படிப்பில், முதல் ஆறு பருவங்களில் 75 சதவீதம் பெற்றவர்கள் நான்காம் ஆண்டில் ஆய்வைத் தேர்ந்தெடுக்கலாம். நான்காண்டுப் பட்டத்தை 75 சதவீதத்துடன் முடித்தவர்கள் நேரடியாக முனைவர் பட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் தமிழ்நாட்டு அரசு கலைக் கல்லூரிகளில் மூன்றாண்டுப் பட்டமே வழக்கம். அங்கே தனியாக ஓர் ஆய்வு ஆண்டு கிடையாது. ஆகவே மூன்று ஆண்டுகளுக்குள்ளேயே அந்த அனுபவத்தைத் தேடிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

மூன்று ஆண்டுகளுக்குள் எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்குச் சென்னையிலேயே ஓர் உச்ச உதாரணம் உண்டு. மாநிலக் கல்லூரியில் படித்த எஸ். சந்திரசேகர், 1928 கோடையைக் கல்கத்தாவில் சி.வி. ராமனின் ஆய்வுக்கூடத்தில் கழித்தார். அதே ஆண்டு சென்னைக்கு வந்த ஜெர்மானிய இயற்பியலாளர் சோமர்ஃபெல்டைச் சந்தித்தார். புதிய குவாண்டம் கோட்பாட்டைப் பற்றி அவரிடம் கேட்டறிந்து, தாமே ஒரு கட்டுரை எழுதி, கேம்பிரிட்ஜிலிருந்த இயற்பியலாளர் ஃபௌலருக்கு அனுப்பினார். 1929-இல் அது ராயல் சொசைட்டியின் இதழில் வெளிவந்தது. 1930-இல் அவர் கேம்பிரிட்ஜுக்குப் போனபோது அதே ஃபௌலர் வழிகாட்டியானார். 1983-இல் நோபல் பரிசு. எல்லாரும் சந்திரசேகர் ஆக முடியாது. ஆனால் கோடை விடுமுறையில் வேறோர் ஆய்வகம், ஒரு கட்டுரை, அதை வாசிக்கும் ஓர் அறிஞர் என்ற அந்த வழி இன்றும் திறந்தே இருக்கிறது.

ஆய்வுத் துறைக்குப் போகாதவர்களுக்கு? சிப்காட் ஆலை ஒன்றின் ‘க்யூ.சி.’, அதாவது தரக்கட்டுப்பாட்டுப் பிரிவை எடுத்துக்கொள்ளுங்கள். வந்திறங்கும் மூலப்பொருளிலிருந்து மாதிரி எடுப்பது, அளவுக் கருவியைச் சரிபார்ப்பது, பதிவேட்டில் அன்றன்றே எழுதுவது, ஒரு தொகுதி கெட்டுப்போனால் காரணத்தைத் தேடுவது ஆகியவை அங்கே அன்றாட வேலை. கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் ஆய்வகத்திலும் இதே ஒழுங்குதான். கிணற்று நீர் ஆய்வில் பிளாங்க் வைத்துப் பழகியவருக்கு இங்கே புதிதாக இருப்பது சூழல் மட்டுமே. ‘காரணம் இதுதான்’ என்று அவசரப்படாமல் ஒவ்வொரு சாத்தியத்தையும் விலக்கிப் பார்க்கும் பழக்கம் கணினித் துறையிலும் வங்கியிலும்கூடச் செல்லுபடியாகும்.

வாய்ப்புகளும் உண்டு. இந்தியாவின் மூன்று அறிவியல் கழகங்கள் சேர்ந்து கோடைகால ஆய்வு உதவித்தொகை வழங்குகின்றன. சென்னை ஐ.ஐ.டி.யும் கோடைகால ஆய்வுத் திட்டம் நடத்துகிறது. தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றம் மாணவர் புராஜெக்ட்களுக்கு நிதி தருகிறது. மூன்றுக்கும் முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். இரண்டாம் ஆண்டிலேயே ஆசிரியர் ஒருவரை அணுகுவது அதனால்தான் நல்லது.

எல்லைகளையும் சொல்ல வேண்டும். ஆய்வு செய்தால் மேற்படிப்பில் இடமும் வேலையும் உறுதி என்பதில்லை. நுழைவுத் தேர்வும் பாட அறிவும் எப்போதும் தேவை. பாடவேளை நிறைந்த ஆசிரியரால் எல்லா மாணவருக்கும் வழிகாட்ட இயலாது. பயண நேரமும் வீட்டுச் சூழலும் சிலருக்கு இடம்கொடுக்காது. இந்த இடைவெளியில்தான், பணம் கொடுத்தால் புராஜெக்ட்டை முடித்துத் தரும் கடைகள் பிழைக்கின்றன. அங்கே வாங்கியது மதிப்பெண்ணைத் தரலாம். நேர்முகத்தில் வரும் முதல் ‘ஏன்’ என்ற கேள்விக்கு அது பதில் தராது.

ஆகவே கல்லூரிகள் எத்தனை புராஜெக்ட்கள் முடிந்தன என்று எண்ணுவதைவிட, ஒவ்வொன்றும் எந்தக் கேள்விக்கு விடை தேடியது என்று கேட்பது மேல். மாணவர்களும் பெரிய தலைப்பைத் தேடி அலைய வேண்டியதில்லை. உங்கள் ஊரில் அளந்து பார்க்கக்கூடிய ஒரு சிறிய கேள்வியோடு உங்கள் ஆசிரியரைப் போய்ப் பாருங்கள்.