துரத்துகிற பாம்பும் அசையாத பாம்பும்



இந்த வாரம் மட்டும் மூன்று பேர் எனக்கு ஒரே வீடியோவை அனுப்பியிருக்கிறீர்கள். ஆப்பிரிக்காவின் கறுப்பு மாம்பா ஜீப்பைத் துரத்துகிறதாம், குதிரையை முந்துமாம், ஆளை ஞாபகம் வைத்துப் பழிவாங்குமாம். 36 வருஷம் சாக்பீஸ் பிடித்த கை சும்மா இருக்குமா? கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பெயர். அதன் உடம்பு கறுப்பே இல்லை. சாம்பலும் பழுப்பும் கலந்த நிறம். வாயைத் திறந்தால்தான் உள்ளே மை பூசியதுபோல் கறுப்பாக இருக்கும், பெயர் வந்தது அதனால்தான். வேகமான பாம்பு என்பது உண்மை. ஆனால் அந்த வேகம் மணிக்கு 20 கி.மீ.க்கும் குறைவு, அதுவும் சமதரையில் கொஞ்ச தூரத்துக்குத்தான். அந்த ஓட்டமும் பெரும்பாலும் தன் பொந்தை நோக்கித்தான். பொந்துக்கும் பாம்புக்கும் நடுவில் நிற்கிற மனிதனுக்கு அது தன்னைத் துரத்துவதுபோலத் தெரிகிறது. தப்பிக்க வழியே இல்லாதபோது உடம்பில் மூன்றில் ஒரு பங்கைத் தூக்கி, வாயைத் திறந்து காட்டி, சீறி எச்சரிக்கும். அதற்குப் பிறகும் நெருங்கினால் ஒருமுறை அல்ல, பலமுறை கொத்தும். சிகிச்சை இல்லையென்றால் மூச்சு நின்றுவிடும். பயப்பட வேண்டிய பாம்புதான், மறுக்கவில்லை. ஆனால் நம்மைத் தேடி வரும் பாம்பு அல்ல.

என் வருத்தமே வேறு. இந்த மாதிரி வீடியோக்கள் நம் பயத்தைத் தவறான பாம்பின்மேல் கொண்டுபோய் வைக்கின்றன. ஆப்பிரிக்காவில் கால்களையும் உயிர்களையும் அதிகம் வாங்குவது ஓடுகிற பாம்பு அல்ல, அசையாமல் படுத்திருக்கிற பாம்பு. பஃப் ஆடர் என்று ஒரு பருத்த விரியன் உண்டு. காய்ந்த சருகின் நிறத்திலேயே ஒற்றையடிப் பாதை ஓரத்தில் கிடக்கும். ஆள் வந்தால் மாம்பா நழுவிவிடும். இது நகராது, ஒளிந்திருப்பதுதான் அதன் பாதுகாப்பு. ஜொஹானஸ்பர்க்கின் விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்தார் பழக்கிய நாய்களையும் மீர்கேட் என்ற கீரி வகையையும் வைத்துச் சோதித்து 2015-இல் ஒரு முடிவு வெளியிட்டார்கள். மற்ற பாம்புகளின் வாசனையைக் கண்டுபிடித்த அந்த மூக்குகளால் பஃப் ஆடரைக் கண்டுபிடிக்க முடியவில்லை! நாய்க்கே தெரியாதது, இருட்டில் வெறுங்காலோடு நடக்கிற விவசாயிக்கு எப்படித் தெரியும்? மிதித்த பிறகுதான் தெரியும்.

மேற்கு ஆப்பிரிக்காவின் புல்வெளிப் பகுதிகளில், நைஜீரியா, கானா பக்கமெல்லாம், இன்னொரு சிறிய விரியன். நம் ஊர் சுருட்டை விரியனின் நெருங்கிய உறவு. இரண்டடிகூட இருக்காது. உடம்பைச் சுருட்டி, செதில்களை உரசி ரம்பம் அறுப்பதுபோல் சத்தம் எழுப்பும். கடித்தால் ரத்தம் உறையாது. கடிபட்டவரின் ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைத்துச் சாய்த்துப் பார்ப்பார்கள். தண்ணீர்போல் ஓடினால் விஷம் ஏறியிருக்கிறது என்று அர்த்தம். (இப்படி ஒரு எளிய சோதனையைப் பாடப் புத்தகத்தில் போட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும்!)

இதில் நம் நாட்டுக்கும் ஒரு தொடர்பு உண்டு. மாமல்லபுரம் போகிற வழியில் வடநெம்மேலியில் 1978 முதல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருப்பது உங்களில் பலருக்குத் தெரியும். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கின் விஷத்தையும் எடுத்துத் தருகிறார்கள். அதிலிருந்து தயாராகும் மருந்து இங்கே உயிர் காக்கிறது. ஆனால் இந்தியச் சுருட்டையின் விஷத்துக்குச் செய்த மருந்து ஆப்பிரிக்கச் சுருட்டைக்குச் சரியாக வேலை செய்யாது. பெயரும் குடும்பமும் ஒன்று, விஷம் வேறு. அப்படியும் இந்திய விஷத்தில் செய்த மலிவான மருந்து ஒன்று கானாவுக்குப் போனது. பழைய மருந்து இருந்தபோது கடிபட்ட 100 பேரில் 2 பேர்கூட இறக்காத இடத்தில், இது வந்தபின் 12 பேர் இறந்தார்கள். அந்தப் பத்துப் பேரைப் பாம்பு கொன்றது என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

10 ஆப்பிரிக்கப் பாம்புகளுக்கு எதிரான ஃபாவ்-ஆஃப்ரிக் என்ற நல்ல மருந்தை, லாபம் இல்லை என்று சனோஃபி நிறுவனம் 2014-இல் நிறுத்தியது. கடைசி மருந்தும் 2016-இல் காலாவதியானது. ஆண்டுக்கு 4,35,000 முதல் 5,80,000 பேருக்குப் பாம்புக்கடிச் சிகிச்சை தேவைப்படும் கண்டம் அது! வாங்குகிறவர்கள் கையில் காசில்லாத விவசாயிகள் என்பதைத் தவிர வேறு என்ன காரணம்? உலக சுகாதார நிறுவனம் 2017-இல்தான் பாம்புக்கடியைப் புறக்கணிக்கப்பட்ட நோய்களின் பட்டியலில் மறுபடி சேர்த்தது. இந்தச் செய்தியை நம் குழுவில் ஒருவரும் பகிர்ந்து நான் பார்க்கவில்லை. மாம்பாவுக்கு மட்டும் மூன்று பேர்.

நைஜீரியாவிலும் தான்சானியாவிலும் வேலை பார்க்கிற என் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. இரவில் டார்ச் இல்லாமல் வெளியே கால் வைக்காதீர்கள். கணுக்காலுக்கு மேல் மூடுகிற ஷூ போடுங்கள். பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போய், விஷமுறிவு மருந்து இருக்கிறதா என்று மட்டும் கேட்காமல், அது எந்த ஊர்ப் பாம்புக்குச் செய்தது என்றும் கேட்டு வையுங்கள். விசாரித்துவிட்டுக் கீழே எழுதுங்கள், படிக்கக் காத்திருக்கிறேன்.