சேர்க்கைக் கடிதம் வந்துவிட்டது, அடுத்து?



பல்கலைக்கழகச் சேர்க்கைக் கடிதம் வந்த வீட்டில் கேள்விகளுக்குக் குறைவிருக்காது. எந்தப் பல்கலைக்கழகம், என்ன படிப்பு, கட்டணம் எவ்வளவு, பி.டி.பி.டி.என். கடன் கிடைக்குமா, விடுதிச் சாப்பாடு எப்படி? அத்தை, மாமா, கோயில் தலைவர், பக்கத்து வீட்டுப் பாட்டி என்று ஆளுக்கொன்று கேட்பார்கள். ‘அங்கே எப்படிச் சொல்லிக்கொடுப்பார்கள், எதற்குப் புள்ளி போடுவார்கள்?’ என்பதை மட்டும் யாரும் கேட்பதில்லை. இந்த மாதம் அதைக் கேட்டுவிடலாம் என்று நினைக்கிறேன்.

சுங்கை சிப்புட்டில் பிறந்த முன்னாள் அமைச்சர் துன் வீ.தி. சம்பந்தன் பட்டம் பெறுவதற்குக் கடல் கடந்து சிதம்பரத்துக்கு, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்குப் போனார். இன்று அதே ஊர்ப் பிள்ளைக்குப் பேராக்கிலேயே கதவுகள் திறந்திருக்கின்றன. 1922-இல் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியாகத் தொடங்கிய தஞ்சோங் மாலிம் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம் இருக்கிறது. நாட்டின் முதல் பாலிடெக்னிக்கான உங்கு ஓமார் 1969 முதல் ஈப்போவில் நடக்கிறது. செரி இஸ்கந்தாரில் பெட்ரோனாஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், கம்பாரில் 2007 முதல் துங்கு அப்துல் ரஹ்மான் பல்கலைக்கழக வளாகம் என்று பட்டியல் நீள்கிறது. பஸ் ஏறினால் போய்ச் சேர்ந்துவிடலாம். ஆனால் ஊர்த் தூரம் குறைந்த அளவுக்குப் படிப்பு முறையின் தூரம் குறையவில்லை. நம் பிள்ளைகள் பலர் முதல் பருவத்தில் தடுமாறுவது இங்கேதான்.

யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் நிறுத்தப்பட்டது. மறு ஆண்டே பி.டி.3-உம் போயிற்று. என்றாலும், 7ஏ, 8ஏ எடுத்த பிள்ளைகளின் படம் பத்திரிகையில் வந்த காலத்துப் பழக்கம் நம் வீடுகளை விட்டுப் போகவில்லை. வருடம் முழுக்க எப்படியோ இருந்துவிட்டு, கடைசி மூன்று மாதம் விழுந்து விழுந்து படிப்பது, பயிற்சிப் புத்தகத்தை முடிப்பது, மாதிரி விடையை மனனம் செய்வது என்று அந்த வழி நமக்கு அத்துப்படி. ஆறாம் படிவத்திலேயே அது செல்லாத வழியாகிவிட்டது. முன்பு எஸ்.டி.பி.எம். என்றால் ஆறாம் படிவ முடிவில் எழுதும் ஒரே பெரிய தேர்வு. 2012 முதல் அதை மூன்று பருவமாகப் பிரித்துவிட்டார்கள். ஒவ்வொரு பருவத்துக்கும் தேர்வு உண்டு, பள்ளிசார் மதிப்பீட்டுக்கும் பங்கு உண்டு. பல்கலைக்கழகத்திலோ, பல பாடங்களில் இறுதித் தேர்வு மண்டபத்துக்குள் காலெடுத்து வைப்பதற்கு முன்பே பாதிப் புள்ளி முடிவாகியிருக்கும். இடுபணி, குழுத் திட்டம், வகுப்பில் படைப்பு, சிறு சோதனை எல்லாம் சேர்ந்து அந்தப் பாதி.

நேரக் கணக்கைப் பாருங்கள். மலேசியத் தகுதி முகவாண்மையின் விதிப்படி ஒரு கிரெடிட் என்பது மாணவரின் 40 மணி நேர உழைப்பு. மூன்று கிரெடிட் பாடத்துக்கு 120 மணி. 14 வாரப் பருவத்தில் வாரம் மூன்று மணி வகுப்பு நடந்தால் அதில் 42 மணிதான் தீர்கிறது. மீதி 78 மணியை மாணவர் தாமாகப் படித்தும் எழுதியும் நண்பர்களோடு விவாதித்தும் நிரப்ப வேண்டும். வகுப்புக்கு ஒரு நாள்கூட மட்டம் போடாத பிள்ளை ஏன் சி வாங்கிவந்தது என்று குழம்பும் பெற்றோர் இந்தக் கணக்கைத்தான் பார்க்க வேண்டும். வகுப்புக்குப் போவது மூன்றில் ஒரு பங்கு வேலை.

இது நமக்குப் புதிய செய்தியும் அல்ல. ஏறத்தாழ 800 ஆண்டுகளுக்கு முன் பவணந்தி முனிவர் நன்னூலில் இதைப் பங்கு போட்டே சொல்லியிருக்கிறார். ஆசான் சொல்வதை எவ்வளவு கவனமாகக் கேட்டாலும் கிடைப்பது கால் பங்குதானாம். உடன் படிப்பவரோடு பழகுவதில் ஒரு கால், பிறருக்கு எடுத்துரைப்பதில் மீதி அரை. குழு இடுபணியும் வகுப்புப் படைப்பும் ஏன் என்று சலித்துக்கொள்ளும் பிள்ளையிடம் இதைச் சொல்லுங்கள்.

அடுத்தது மதிப்பீட்டு அளவுகோல். இடுபணியோடு ஒரு கட்டம் போட்ட தாள் தருவார்கள். கருத்துக்கு இவ்வளவு, ஆதாரத்துக்கு இவ்வளவு, மொழிக்கு இவ்வளவு என்று ஒரு பக்கம் இருக்கும். எப்படிச் செய்தால் மிக நன்று, எப்படிச் செய்தால் சுமார் என்று இன்னொரு பக்கம் இருக்கும். பால்மரம் வெட்டிய பெரியவர்களுக்கு இது எளிதில் புரியும். புதிதாக வந்தவரைப் பழைய மரத்தில்தான் பழகவிடுவார்கள். பிறகு வெட்டைப் பார்ப்பார்கள். கோடு சாய்வாக இருக்கிறதா, பட்டை தடித்துப் போகாமல் மெல்லிசாகச் சீவியிருக்கிறதா, மரத்தில் காயம் பட்டிருக்கிறதா? எதைப் பார்ப்பார்கள் என்பது வெட்டுகிறவருக்கு முன்கூட்டியே தெரியும். இடுபணித் தாளிலும் அப்படித்தான். ஆதாரத்துக்கு 30 புள்ளி என்று அதில் எழுதியிருக்கும்போது, அட்டைப்படத்தை அழகுபடுத்த ஓர் இரவைச் செலவழித்தால் குறை யாருடையது?

வாய் திறந்து பேசுவதற்கும் இப்போது மதிப்புக் கூடியிருக்கிறது. மூயெட் ஆங்கிலத் தேர்வில் முன்பு பேச்சுக்கு 300-இல் 45 புள்ளி, அதாவது 15 விழுக்காடு. 2021 முதல் கேட்டல், பேசுதல், வாசித்தல், எழுதுதல் நான்குக்கும் சரிசமமாக 90 புள்ளி. பேச்சின் பங்கு 25 விழுக்காடாகிவிட்டது. மருத்துவம் படிப்போருக்கு ‘ஓஸ்கி’ தேர்வு உண்டு. ஸ்காட்லாந்தின் டண்டீயில் ரொனால்ட் ஹார்டன் 1975-இல் அறிமுகப்படுத்திய முறை அது. மணி அடித்ததும் மாணவர் ஒரு தடுப்புக்குள் நுழைவார். அங்கே நெஞ்சுவலி என்று ஒருவர் உட்கார்ந்திருப்பார். சில நிமிடத்தில் அவரிடம் விசாரித்து, சோதித்து, விளக்கம் சொல்ல வேண்டும். மறுபடி மணி அடிக்கும், அடுத்த தடுப்பு. தேர்வாளர் ஓரமாக நின்று குறித்துக்கொண்டிருப்பார். பாடப்புத்தகத்தை வரி விடாமல் ஒப்பிப்பவரும், ‘எப்பயிலிருந்து வலிக்குது, ஐயா?’ என்று கேட்கத் தெரியாவிட்டால் அங்கே புள்ளியை இழப்பார்.

அப்படியானால் நம் மனனப் பழக்கம் வீணா? இல்லவே இல்லை. அமெரிக்காவில் உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் ஒரு வாரம் கழித்து 40 விழுக்காடுதான் நினைவில் வைத்திருந்தார்கள். ஒருமுறை வாசித்துவிட்டு, புத்தகத்தை மூடிப் பலமுறை எழுதிப் பார்த்தவர்களுக்கு 61 விழுக்காடு நின்றது. நம் வாத்தியார்கள் செய்யவைத்த ஒப்புவித்தலும் இந்த இனம்தான். ஆக, ஒப்புவிக்கும் பழக்கத்தை விட வேண்டாம், அதோடு நின்றுவிடவும் வேண்டாம். நினைவில் நின்றதை ஏன், எப்படி என்று தம் சொந்த வார்த்தையில் சொல்லிப் பார்ப்பது அடுத்த படி. கணினியே கட்டுரை எழுதித் தரும் இந்தக் காலத்தில், ‘நீ எழுதியதை நீயே விளக்கு’ என்று கேட்கும் விரிவுரையாளர் முன் கைகொடுப்பது அந்தப் பழக்கம்தான்.

எஸ்.பி.எம். முடித்ததும் குடும்பச் சூழலால் தொழிற்சாலைக்குப் போன அண்ணன்மார், அக்காமாருக்கும் ஒரு செய்தி. அனுபவத்தை மதிப்பிட்டு உயர்கல்விக்கு வழிவிடும் ‘ஏப்பெல்’ என்ற முறையைத் தகுதி முகவாண்மை நடத்துகிறது. பட்டப்படிப்புக்கு வருவோர் 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். தகுதிச் சோதனை எழுதி, செய்த வேலை, பெற்ற பயிற்சி ஆகியவற்றின் சான்றுகளைத் தொகுத்துக் காட்ட வேண்டும். பத்து வருடம் இயந்திரத்தோடு மல்லுக்கட்டிய அறிவும் படிப்பாக எண்ணப்படுகிறது என்பது நம் சமூகத்தில் இன்னும் பலருக்குத் தெரியாது.

விரிவுரையாளர்களாக இருக்கும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். அளவுகோல் தாளை முதல் வாரமே கொடுத்து, ஒரு நல்ல இடுபணியையும் ஒரு சுமாரானதையும் பக்கத்தில் வைத்து வகுப்பில் விளக்குங்கள். முதல் இடுபணியைத் திருத்தி, இரண்டாவதை எழுதத் தொடங்கும் முன் கையில் கொடுங்கள். பருவம் முடிந்த பிறகு வரும் திருத்தம் யாருக்கும் உதவாது.

பட்டம் முடித்த தம்பி தங்கைகளே, உங்களிடம் கேட்பது இன்னும் எளிது. உங்கள் பழைய இடுபணிகளைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். பருவ விடுமுறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்கள் பகுதித் தமிழ்ப்பள்ளியிலோ கோயில் மண்டபத்திலோ உட்கார்ந்து, எங்கே புள்ளி கிடைத்தது, எங்கே போனது என்று ஆறாம் படிவப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். பார்த்து எழுத அல்ல, பார்த்துப் புரிந்துகொள்ள. பெற்றோர்களே, இனிச் சேர்க்கைக் கடிதம் வந்தால், கட்டணத்தோடு சேர்த்து மதிப்பீட்டு முறையையும் விசாரியுங்கள். இப்படி ஒரு சந்திப்பை உங்கள் ஊரில் நடத்தினால் எங்களுக்கு எழுதுங்கள். அடுத்தடுத்த இதழ்களில் வெளியிடுகிறோம், மற்ற ஊர்க்காரர்களும் தொடரட்டும்.

அன்புடன்,
ஆசிரியர்