கேளாமற் செய்த அறிவியலும் கேட்டுச் செய்த அறிவியலும்

அறிவியலின் அற்புதங்களைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னால், நாங்கள் விண்கலத்தையும் அணுசக்தியையும் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுவோம். தண்ணீர்க் குழாயைப் பற்றி எழுத யாருக்கும் தோன்றாது. ஆனால் ஆஸ்திரேலியப் பாலைநிலத்தில் வாழும் ஆனங்கு பழங்குடி மக்களின் அனுபவம் வேறொன்றைக் கற்பிக்கிறது.

1953 அக்டோபரில் தெற்கு ஆஸ்திரேலியாவின் ஈமு ஃபீல்ட் என்னுமிடத்தில் பிரிட்டன் அணுகுண்டைச் சோதித்தது. அம்மண்ணின் மக்களிடம் எவரும் சம்மதம் கேட்கவில்லை. தங்கள் முகாமின்மேல் கரும்புகை படர்ந்ததைச் சிறுவனாயிருந்த யாமி லெஸ்டர் கண்டார். சில ஆண்டுகளில் பார்வையை இழந்த அவர், அப்புகையே காரணம் என்றார்.

அதே யாமி லெஸ்டர் 1980களில் தம் மக்களின் சுகாதார மன்றத்திற்கு இயக்குநரானார். மருந்து கொடுத்தும் நோய் திரும்பத் திரும்ப வந்தது. நோயே வராமல் தடுக்க வழி காணுமாறு ஒரு மருத்துவரையும் கட்டடக் கலைஞரையும் சுகாதார அலுவலரையும் அழைத்தார். மக்களோடு சேர்ந்து ஆராய்ந்து 1987-இல் அவர்கள் ஒன்பது தேவைகளைப் பட்டியலிட்டனர். முதலாவது, குழந்தைகளை நாள்தோறும் குளிப்பாட்ட வசதி!

பின்னர் நாடெங்கும் பழங்குடியினரின் வீடுகளைச் சோதித்தபோது, 100-க்கு சுமார் 35 வீடுகளில்தான் குளிக்கும் வசதி சரியாக இருந்தது. "அவர்களே உடைத்துவிடுகிறார்கள்" என்று பலர் பழித்தார்கள். கணக்கெடுத்தபோது, குடியிருப்போரால் நேர்ந்த பழுது பத்தில் ஒரு பங்குகூட இல்லை. பராமரிப்பு இல்லாமையும் மோசமான கட்டுமானமுமே மற்றவற்றிற்குக் காரணம்.

"கேட்டுக்கொண்டிருந்தால் காலம் வீணாகாதா?" என்று சிலர் வினவலாம். ஆகாது. சோதிக்கும் நாளிலேயே பழுதுபார்க்கத் தொடங்க வேண்டும் என்பது அவர்களது விதி. உள்ளூர் மக்களே பயிற்சி பெற்று அவ்வேலையைச் செய்தனர். நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் இவ்வாறு சீர்செய்த வீடுகளில் வாழ்ந்தோர், தொற்றுநோயால் மருத்துவமனையில் சேர்வது மற்றவர்களைவிட 40 சதவீதம் குறைவு என 2010-இல் அம்மாநிலச் சுகாதாரத் துறை அறிவித்தது.

தோழியரே, சமூகசேவை என்றதும் நாம் பழைய துணிகளைச் சேர்க்கிறோம். பெறுபவருக்கு என்ன தேவை என்று கேட்பதில்லை. நாளை நம்மில் சிலர் பொறியாளராகலாம், மருத்துவராகலாம். அன்று கருவிப் பெட்டியைத் திறக்குமுன் நம் செவிகளைத் திறப்போம். கேளாமற் கொடுப்பது தானமாக இருக்கலாம். கேட்டுச் சேர்ந்து செய்வதே மரியாதை.