பில் போட போன் நம்பர் எதுக்கு?

கொல்லிமலை செம்மேட்டிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு இறங்கி, ஆடித் தள்ளுபடியில் புது போன் வாங்க வருகிறார் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். பணத்தை எடுத்து நீட்டினால், “சார், நம்பர் சொல்லுங்க, அப்பதான் பில் வரும்” என்கிறார்கள். மறுபடி மலை ஏறணுமே என்ற அவசரத்தில் அவரும் சொல்லிவிடுகிறார்.

சொல்ல வேண்டிய கட்டாயமே இல்லை. நம்பர் தந்தால்தான் பில் என்று வற்புறுத்துவது நியாயமற்ற வணிக நடைமுறை என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதமே சொல்லிவிட்டது. 50,000 ரூபாய்க்குக் குறைவான சில்லறை பில்லில் வாங்குபவரின் பெயரைக்கூட ஜிஎஸ்டி விதி கட்டாயமாக்கவில்லை. இஎம்ஐ என்றால் கதை வேறு. ரொக்கத்துக்கு எதற்கு? ‘சாஃப்ட்வேர் நகராது சார்’ என்பது கடையின் பிரச்னை, நம்முடையது இல்லை.

நம்பர்தானே, போனால் போகுது என்கிறீர்களா? போட் ஹெட்போன் நிறுவனத்தின் சுமார் 75 லட்சம் வாடிக்கையாளர்களின் பெயர், முகவரி, போன் நம்பர் டார்க் வெப்பில் கசிந்ததாக 2024 ஏப்ரலில் செய்தி வந்தது. நாம் வாங்கிய பொருளையும் வீட்டு முகவரியையும் சரியாகச் சொல்லி, “வாரன்ட்டிக்கு ஓடிபி சொல்லுங்க” என்று ஒருவன் கேட்டால் நம்பத்தானே தோணும்?

தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-லேயே நிறைவேறியது. விதிகள் வந்ததோ 2025 நவம்பரில். முக்கியப் பிரிவுகள் அமலாக அதிலிருந்து 18 மாத அவகாசம் வேறு. அதுவரை கவுன்டரில் நாம்தான் அடம்பிடிக்கணும். பில் தர மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம்.