"அப்பா என்ன வேலை செய்கிறார்?"

நேர்காணலுக்குச் சென்று திரும்பும் இளையோரிடம் "என்ன கேட்டார்கள்?" என்று விசாரித்தால், "எந்த ஊர், அப்பா என்ன வேலை, கூடப்பிறந்தவர்கள் எத்தனை பேர்" என்ற பதிலே பல நேரங்களில் வருகிறது. இதை வெறும் நலம் விசாரிப்பாக நாம் எடுத்துக்கொள்கிறோம். ஆனால் நம் நாட்டில் ஊரையும் தெருவையும் தந்தையின் தொழிலையும் கேட்டுவிட்டால், சாதியைத் தனியே கேட்கத் தேவையில்லை.

டெல்லியில் பெரிய தனியார் நிறுவனங்களின் மனிதவள மேலாளர்களைச் சந்தித்து சுரிந்தர் ஜோத்கா, கேத்தரின் நியூமன் ஆகியோர் நடத்திய ஆய்வு 2007-இல் வெளியானது. "நாங்கள் தகுதியை மட்டுமே பார்க்கிறோம்" என்று சொன்ன அதே மேலாளர்கள், குடும்பப் பின்னணியைக் கேட்பது அவசியம் என்றும் சொன்னார்கள். தாங்கள் பாகுபாடு காட்டுவதாக அவர்கள் நினைக்கவில்லை. ஆபத்து அங்குதான் இருக்கிறது.

கல்லூரிச் சேர்க்கையிலும் இதே சிக்கல் எழுந்தது. ஸ்ரீநகர் வட்டாரப் பொறியியல் கல்லூரியில் எழுத்துத் தேர்வுக்கு 100 மதிப்பெண், நேர்காணலுக்கு 50. இரண்டு, மூன்று நிமிடங்களில் பெற்றோரையும் வசிப்பிடத்தையும் மட்டும் கேட்டு அனுப்பினார்கள் என்று மாணவர்கள் முறையிட்டனர். அஜய் ஹாசியா வழக்கில் 1980-இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், நேர்காணலுக்கு 15 விழுக்காட்டுக்கு மேல் ஒதுக்கக் கூடாது என்றது.

அப்படியானால் நேர்காணலே வேண்டாமா? வேண்டும், ஆனால் ஒழுங்கோடு வேண்டும். வேலைக்குத் தேவையான நான்கைந்து திறமைகளை முன்னரே எழுதிக்கொள்ள வேண்டும். எல்லாரிடமும் அதே கேள்விகளை, அதே வரிசையில் கேட்க வேண்டும். எது நல்ல பதில் என்பதையும் முன்கூட்டியே முடிவுசெய்ய வேண்டும். குழுவினர் கலந்து பேசுவதற்கு முன் ஒவ்வொருவரும் தனித்தனியே மதிப்பெண் இட வேண்டும். ஆசிரியர் பணி என்றால், "வாசிக்கத் தெரியாத மாணவன் வகுப்பில் இருந்தால் முதல் மாதம் என்ன செய்வீர்கள்?" என்று கேட்கலாம். அதற்கான பதிலில் தந்தையின் தொழில் தெரியாது, ஆசிரியர் தெரிவார்.

"இது இயந்திரத்தனம், ஆளைப் பார்த்தாலே எங்களுக்குத் தெரியும்" என்போர் உண்டு. பால் சாக்கெட்டும் உடன் ஆய்வாளர்களும் பல ஆண்டுகால ஆய்வுகளை மறுபடி கணக்கிட்டு 2022-இல் முடிவை வெளியிட்டனர். ஒருவர் பணியில் எப்படிச் செயல்படுவார் என்று கணிக்கும் வழிகளில், இத்தகைய ஒழுங்கான நேர்காணலே முதலிடம் பெற்றது. மனம்போன போக்கில் பேசும் நேர்காணல் அதைவிடப் பின்தங்கியது.

நம் பள்ளிகளிலும் மருத்துவமனைகளிலும் தேர்வுக் குழுவில் அமர்வோர் நம்மவர்களே. பரிந்துரைக் கடிதம் கேட்டு, பங்குத்தந்தையரான எங்களிடமும் வருகிறார்கள். நாங்களும் எழுதித் தருகிறோம். ஒருவருக்கு நாம் எழுதும் கடிதம், கடிதம் கேட்க ஆளில்லாத மற்றொருவரின் இடத்தைப் பறிக்கக்கூடும். அடுத்த நியமனத்தின்போது கேள்வித்தாளை முன்னரே தயாரிப்போம். கடிதங்களை மேசையிலிருந்து அகற்றுவோம். இரக்கம் காட்ட வேறு இடங்கள் உண்டு. நேர்காணல் அறையில் நாம் காட்ட வேண்டியது நீதி.